இழுவை வேலைக்கும் வயற்பாதைக்கும் ஏற்ற ரயரைத் தெரிந்தெடுத்தல்

நாவுலப் பகுதி நெல், மரக்கறிக் கமக்காரருக்கான அறிவுரை

பெரும்போக அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் வீடு சேரும் காலத்திலும், தோட்டத்திற் பறித்த கத்தரி, மிளகாய், போஞ்சி முதலியன சந்தைக்குச் செல்லும் காலத்திலும், கமக்காரரின் பல மாத உழைப்பு முழுவதும் சில ரயர்களின் மேல் ஏறி நிற்கின்றது. விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் கமக்காரர் பலர், ரயர் வாங்கும்பொழுது மட்டும் விலை குறைந்ததையோ, பார்வைக்கு முரடாகத் தோன்றுவதையோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகின்றனர். அதன் பயனைப் பின்னர் வீதியோரத்தில் அனுபவிக்கின்றனர். மாலையிற் பறித்த மரக்கறி இரவிலே வழியில் நின்றுவிட்டால், மறுநாள் அதே விலைக்கு விற்பனையாவதில்லை. பாரம் ஏற்றிய இழுவைப் பெட்டியின் ரயர் இறக்கத்தில் வெடித்தாலோ, இழப்பு பணத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை.

கண்டியிலிருந்து மாத்தளை, நாவுல, தம்புள்ளை வழியாக வடக்கே செல்லும் ஏ-9 வீதி நாவுலப் பகுதியின் முதன்மை வீதியாகும். 1999-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இப்பகுதி மரக்கறி இவ்வீதி வழியாகவே செல்கின்றது. ஆனால் எந்தத் தோட்டமும் வீதியிலேயே அமைந்திருப்பதில்லை. வரம்போரப் பாதை, வாய்க்காற்கரை, குளக்கட்டு, கிரவல் வீதி ஆகியவற்றைக் கடந்த பின்னரே தார் வீதி கிட்டும். ஒரே வாகனம் ஒரே நாளிற் சேற்றிலும், கூரிய கல்லிலும், சூடேறிய தாரிலும் ஓடவேண்டியிருக்கின்றது. இம்மூன்றுக்கும் முற்றிலும் பொருந்தும் ரயர் என ஒன்று இல்லை. எனவே தமது வேலையில் எது பெரும்பகுதி என்பதை அறிந்து தெரிந்தெடுத்தலே கமக்காரர் செய்யத்தக்கது. அதற்கு வேண்டிய குறிப்புகள் கீழே தரப்படுகின்றன.

1. பாரத்தைத் தாங்குவது எது?

ரயரின் தடித்த இறப்பரே பாரத்தைத் தாங்குகின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றேயாகும். அக்காற்றை வெளியேறவிடாமற் பிடித்து வைத்திருக்கும் பை போன்றதே ரயர். அப்பைக்கு வலிமை தருவன, இறப்பரினுள்ளே பதிந்திருக்கும் நைலோன் அல்லது உருக்கு இழைகள். வெளிப்புற இறப்பர் தேய்வையும் வெட்டுகளையும் தாங்கி இழைகளைக் காக்கின்றது.

இறப்பர் மரம் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1876-ஆம் ஆண்டு பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட விதைகள் இலண்டனிலுள்ள கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டு, அந்நாற்றுகள் கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. 1888-ஆம் ஆண்டு டன்லொப் என்பவர் காற்றடைத்த ரயரை அமைத்த பின்னர் இறப்பரின் தேவை பெருகிற்று. உழவு இயந்திரங்களோ நெடுங்காலம் இரும்புச் சக்கரத்திலேயே ஓடின. 1932-ஆம் ஆண்டளவிலேயே அமெரிக்காவில் அவற்றுக்குக் காற்று ரயர் பொருத்தி விற்கத் தொடங்கினர். நம் நாடு சீனாவுடன் 1952-ஆம் ஆண்டு இறப்பர்-அரிசி உடன்படிக்கை செய்து, இறப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றமையும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது. இன்றும் பாரமான வாகனங்களின் ரயர்களில் இயற்கை இறப்பர் மிகுதியாகச் சேர்க்கப்படுகின்றது. அது ஓடும்பொழுது குறைவாகவே சூடேறுவதும், எளிதிற் கிழியாமையும் அதற்குக் காரணங்களாகும்.

ரயருக்கு முதற் பகை சூடு. பாரம் மிகுந்தாலும், காற்றுக் குறைந்தாலும், வேகம் கூடினாலும் ரயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி வளைந்து நிமிர்கின்றது. கம்பியொன்றைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது சூடேறி ஒடிவதைப் போல, ரயரும் உள்ளே சூடேறி, இழையும் இறப்பரும் ஒன்றைவிட்டொன்று பிரிந்து, இறுதியில் வெடிக்கின்றது. வெடிப்பு ஒரு கணத்தில் நிகழினும் அதற்கான கேடு பல நாட்களாக உள்ளே வளர்ந்து வந்திருக்கும்.

2. முதலிற் பாரத்தைக் கணக்கிடுக

ரயர்க் கடைக்குச் செல்லுமுன் வீட்டிலிருந்தே செய்யவேண்டிய வேலை இது. ஓர் எடுத்துக்காட்டு வருமாறு:

நான்கு சக்கர உழவு இயந்திரத்தால் இழுக்கப்படும் இரண்டு சக்கரப் பெட்டியொன்றில் 50 கிலோகிராம் நெல் மூட்டைகள் 48 ஏற்றப்படுகின்றன எனக் கொள்வோம்.

நெல்லின் நிறை: 2,400 கிலோகிராம்.
பெட்டியின் நிறை: 700 கிலோகிராம் எனக் கொள்க.
மொத்தம்: 3,100 கிலோகிராம்.

மூட்டைகள் சரியாக அடுக்கப்பட்டிருப்பின், இதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 310 கிலோகிராம், கொளுவியின் மூலம் உழவு இயந்திரத்தைச் சாரும். எஞ்சிய 2,790 கிலோகிராம் இரண்டு ரயர்களின் மீது விழும். ஆகவே ஒரு ரயர் தாங்கவேண்டிய பாரம் 1,395 கிலோகிராம். குழியில் விழுந்து எழும்பொழுதும், வளைவிலே பெட்டி ஒருபக்கம் சாயும்பொழுதும் ஒரு ரயரின் மீது இதைவிடக் கூடிய பாரம் விழும். எனவே 1,500 கிலோகிராமுக்குக் குறையாத வலுவுள்ள ரயரே இப்பெட்டிக்கு வேண்டும்.

நெல்லேற்றும் பெட்டியிலேயே ஓய்வு காலத்தில் மணல் ஏற்றுவோரும் உளர். மணலின் நிறை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு கியூப், அதாவது 100 கன அடி மணல், ஏறத்தாழ 4½ தொன் நிறையுடையது. ஈரமாயின் அதனிலும் மிகும். அரைக் கியூப் மணலே 45 மூட்டை நெல்லுக்கு ஒப்பாகும். பெட்டி நிரம்பவில்லையே என எண்ணி மேலும் மண்வெட்டியால் அள்ளிப் போடுவோர் ரயரின் ஆயுளையே அள்ளி எறிகின்றனர். வெங்காயம், கிழங்கு போன்றவையும் இடத்தை அடைக்குமுன் நிறையை எட்டுவன. மிளகாயும் கீரையும் நிறையை எட்டுமுன் இடத்தை அடைப்பன.

வாகனத்தையும் பாரத்தையும் ஒருங்கே நிறுக்கும் தராசு பல நெல் ஆலைகளில் உண்டு. போகத்துக்கு ஒரு முறையேனும் உங்கள் வழமையான பாரத்துடன் ஏறி நிறுத்துப் பார்ப்பது நன்று.

3. பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

ரயரின் பக்கச்சுவரிலுள்ள எழுத்துகளும் இலக்கங்களும் வாங்குபவருக்காகவே பொறிக்கப்பட்டவை. அவற்றுள் ஐந்தினை அறிந்திருந்தாற் போதுமானது.

(அ) அளவு. இரண்டு சக்கர உழவு இயந்திரத்துக்குப் பெரும்பாலும் 6.00-12 என்னும் அளவும், நான்கு சக்கர உழவு இயந்திரங்கள் பலவற்றின் முன்சக்கரத்துக்கு 6.00-16, பின்சக்கரத்துக்கு 12.4-28 அல்லது 13.6-28 என்னும் அளவுகளும் வழங்கும். முதல் எண் ரயரின் அகலத்தையும், இரண்டாம் எண் றிம்மின் விட்டத்தையும் அங்குலத்திற் குறிக்கும். றிம்முக்குப் பொருந்தாத அளவை எக்காரணத்தாலும் பொருத்தலாகாது. நான்கு சக்கரங்களும் இயங்கும் உழவு இயந்திரமாயின், முன் ரயருக்கும் பின் ரயருக்கும் இடையே குறித்த விகிதம் இருத்தல் வேண்டும். அளவை மாற்றினாற் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்துத் தேயும்.

(ஆ) பிளை எண். பி.ஆர். என்னும் எழுத்துகளோடு 6, 8, 10, 14, 16 போன்ற எண் காணப்படும். முற்காலத்தில் இது உள்ளேயுள்ள பருத்தி இழை அடுக்குகளின் தொகையைக் குறித்தது. இன்று அத்தனை அடுக்குகள் உள்ளே இருப்பதில்லை. வலிமையின் அளவாக மட்டும் அவ்வெண் வழங்குகின்றது. எண் கூடக்கூட மிகுந்த காற்றழுத்தத்தையும் அதனால் மிகுந்த பாரத்தையும் ரயர் தாங்கும். ஆயின் 16 பிளை ரயரை வாங்கி, 8 பிளை ரயருக்குரிய காற்றை மட்டும் அடித்தால், அது 8 பிளை ரயருக்குரிய பாரத்தையே தாங்கும்.

(இ) பாரச் சுட்டெண். இதுவே யாவற்றிலும் முதன்மையானது. ஒவ்வோர் எண்ணும் ஒரு நிறையைக் குறிக்கும். அவற்றுட் சில:

90 - 600 கிலோகிராம்
100 - 800 கிலோகிராம்
106 - 950 கிலோகிராம்
112 - 1,120 கிலோகிராம்
118 - 1,320 கிலோகிராம்
120 - 1,400 கிலோகிராம்
122 - 1,500 கிலோகிராம்

122/118 என இரண்டு எண்கள் இருப்பின், முன்னது ரயர் தனியாகப் பூட்டப்படும்பொழுதும், பின்னது ஒரே பக்கத்தில் இரட்டையாகப் பூட்டப்படும்பொழுதும் உரிய பாரமாகும். மேலே நாம் கணக்கிட்ட நெற்பெட்டிக்கு 122 என்னும் சுட்டெண் அல்லது அதனிற் கூடியது தேவை.

(ஈ) வேகக் குறி. சுட்டெண்ணின் அருகே ஓர் எழுத்து இருக்கும். ஏ-6 என்பது மணிக்கு 30 கிலோமீற்றரையும், ஏ-8 என்பது 40 கிலோமீற்றரையும், எல் என்பது 120 கிலோமீற்றரையும் குறிக்கும். பண்ணை வேலைக்கென மெதுவான வேகத்துக்குச் செய்த ரயரை லொறியிற் பூட்டி வீதியில் விரைந்தோட்டுதல் உயிருக்கு ஆபத்தாகும்.

(உ) செய்த காலம். டி.ஓ.டி. என்னும் எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் இறுதி நான்கு இலக்கங்களைப் பார்க்க. 1823 என இருப்பின், 2023-ஆம் ஆண்டின் 18-ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். ஓடாமற் கிடந்தாலும் இறப்பர் முதுமையடையும். கடையிற் பளபளப்பாகத் தோன்றும் ரயர் பல ஆண்டுகள் பழையதாயிருத்தல் கூடும். மலிவு விலைக்குக் காரணம் அதுவாயின் வாங்காதிருத்தல் நன்று.

4. குறுக்கிழை ரயரும் ஆரை இழை ரயரும்

ரயர்கள் இழை அமைந்திருக்கும் முறையால் இரு வகைப்படும். இழைகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிச் செல்வது குறுக்கிழை ரயர். இழைகள் சக்கரத்தின் ஆரைபோல விளிம்புக்கு விளிம்பு நேராகச் சென்று, அவற்றின் மேல் உருக்குப் பட்டை சுற்றப்பட்டிருப்பது ஆரை இழை ரயர். மக்கள் இதனை ரேடியல் என்பர். அளவிலே 7.50-16 எனக் கோடு இருப்பின் முன்னது, 7.50 ஆர் 16 என ஆர் என்னும் எழுத்து இருப்பின் பின்னது.

குறுக்கிழை ரயரின் பக்கச்சுவர் தடித்தது. கல்லும் கட்டையும் உரசும் பாதையில் மெதுவாக ஓடும் இழுவைப் பெட்டிக்கு அது பொருந்தும்; விலையும் குறைவு. ஆயின் தார் வீதியில் நெடுந்தூரம் விரைந்து ஓடினால் மிகுதியாகச் சூடேறும். ஆரை இழை ரயர் குறைவாகச் சூடேறும். தார் வீதியில் நெடுநாள் உழைக்கும். எரிபொருளும் சற்றே மிச்சமாகும். அதன் பக்கச்சுவர் மெல்லியதாகையால் கூரிய கல்லும் வெட்டிய மரக்கட்டையும் அதற்கு ஆகா. ஒரே அச்சில் இவ்விரு வகைகளையும் கலந்து பூட்டலாகாது. பாரம் ஏற்றிய வண்டி வளைவிலே ஒருபக்கம் இழுக்கப்படுவதற்கு அது காரணமாகும்.

5. மேற்பட்டையின் அமைப்பு

தரையைத் தொடும் மேற்பட்டையின் கோலத்தைக் கண்டு மயங்குவோரே மிகப் பலர். கோலம் வேலைக்கேற்ப வேறுபடும்.

உழவு இயந்திரத்தின் பின் ரயர்: சாய்ந்த கட்டைகள் உள்ளது ஆர்-1 என்னும் வகை. மேட்டு நிலத்துக்கும், வீதியில் இழுவைக்கும், சாதாரண வயலுக்கும் இதுவே தகும். ஆர்-2 வகையின் கட்டைகள் ஏறத்தாழ இருமடங்கு உயரமானவை. ஆழ்ந்த சேற்று வயலுக்கென அமைந்தவை. ஆண்டிற் பெரும்பாலான நாட்கள் சேற்றில் உழுவோருக்கு மட்டும் ஆர்-2 பயன்தரும். அதனைத் தார் வீதியில் ஓட்டினாற் கட்டைகள் வளைந்து விரைவில் தேயும். சேற்று உழவுக்கு இரும்புக் கூட்டுச் சக்கரம் பூட்டும் கமக்காரர் ஆர்-1 ரயரோடு அமைதல் போதுமானது.

பின் ரயரைப் பூட்டும் திசையும் கவனிக்கத்தக்கது. இயந்திரத்தின் பின்னால் நின்று பார்க்கும்பொழுது கட்டைகள் கூடும் கூர்முனை மேல்நோக்கி இருத்தல் வேண்டும். அவ்வாறிருந்தால், முனை முதலில் நிலத்திற் பதிந்து, சேறு இருபக்கமும் தள்ளப்படும். மாறிப் பூட்டினாற் சேறு நடுவிலே அடைபட்டுச் சக்கரம் வழுக்கும்.

உழவு இயந்திரத்தின் முன் ரயர்: நீளவாக்கில் மூன்று வரம்புகள் உள்ள எப்-2 வகை, திருப்பும் திசைக்கு இணங்கிச் செல்லும். நடு வரம்பு தேய்ந்து மட்டமாகிவிட்டால், ஈர நிலத்திற் சுக்கானைத் திருப்பினாலும் இயந்திரம் நேரே செல்லும். வாய்க்காற்கரையில் ஓட்டுவோர் இதனை ஒருபொழுதும் மறத்தலாகாது.

இழுவைப் பெட்டி: பெட்டியின் சக்கரத்தை எஞ்சின் சுழற்றுவதில்லை, அது இழுபட்டு உருள்கின்றது. ஆகவே சேற்றைப் பிடித்துத் தள்ளும் உயர்ந்த கட்டைகள் அதற்கு வேண்டியதில்லை. நீளவாக்கில் வரம்புகள் ஓடும் ரயரே இலகுவாக உருண்டு, மெதுவாகத் தேயும். பெட்டிக்கு வேண்டியது பாரம் தாங்கும் வலிமையும் தடித்த பக்கச்சுவருமே.

சிறு லொறியும் கெப் வண்டியும்: இவற்றுக்கு மூவகைக் கோலங்கள் விற்பனையாகின்றன. நெருங்கிய வரம்புகளும் சிறு பள்ளங்களும் உள்ளது வீதி ரயர். நடுத்தரக் கட்டைகள் உள்ளது ஏ.டி. எனப்படும் பலநில ரயர். பெரிய கட்டைகளும் அகன்ற இடைவெளிகளும் உள்ளது எம்.டி. எனப்படும் சேற்று ரயர். தோட்டத்திலிருந்து கிரவல் வீதி ஒரு மைலும், அங்கிருந்து தம்புள்ளைக்குத் தார் வீதி பல மைல்களும் ஓடும் வண்டிக்குச் சேற்று ரயர் வீண்செலவு. நிலத்தைத் தொடும் இறப்பர் அதிற் குறைவாதலால், மழையில் நனைந்த தார் வீதியில் அது நிற்கத் தாமதிக்கும். தேய்வும் இரைச்சலும் மிகும். எலஹெர வீதியோரக் காணிகளிலும் மொரகஹகந்த நீர்த்தேக்கத்தை அண்டிய பாதைகளிலும் கிரவலும் சேறும் அடிக்கடி எதிர்ப்படுவோருக்குப் பலநில ரயர் ஏற்றது. மற்றையோர்க்குப் பாரச் சுட்டெண் கூடிய வீதி ரயரே போதும். எவ்வகையாயினும் அளவின் இறுதியில் சி என்னும் எழுத்து அல்லது எல்.டி. என்னும் எழுத்துகள் உள்ளனவா எனப் பார்க்க. இவை பாரவண்டிக்கென வலுவாகச் செய்யப்பட்டவை. அதே அளவிலுள்ள கார் ரயரை விலை குறைவெனப் பூட்டுதல் கூடாது.

6. பனிநாட்டு ரயர்கள் பற்றிய எச்சரிக்கை

நாவுலையிற் பனி பெய்வதில்லை. எனினும் பனி ரயர்கள் இங்கு வந்து சேர்கின்றன. யப்பானிலிருந்து இறக்குமதியாகும் பயன்படுத்திய வாகனங்கள் சிலவற்றிற் குளிர்கால ரயர்கள் பூட்டப்பட்டிருத்தல் உண்டு. அவை பழைய ரயராகக் கைமாறுவதும் உண்டு. மூன்று சிகரமுள்ள மலையும் அதனுள்ளே பனித்துகளும் வரைந்த அடையாளம், அல்லது ஸ்டட்லெஸ் என்னும் சொல், பக்கச்சுவரிற் காணப்படின் அது பனி ரயராகும். மேற்பட்டையின் கட்டைகளில் மெல்லிய கத்திக்கீறல்கள் நெருக்கமாக இருப்பதும் அதன் அறிகுறி.

கடுங்குளிரில் இறுகிவிடாதபடி இவ்விறப்பர் மிக மென்மையாகச் செய்யப்படுகின்றது. அம்மென்மையே நமது வெயிலிற் கேடாகின்றது. சூடேறிய தாரில் அது விரைவில் தேய்ந்து, பாரத்தோடு ஓடும்பொழுது கட்டைகள் நெளிந்து, நிறுத்தும் தூரமும் நீளும். கீறல்களைக் கண்டு சேற்றுக்கு நல்லது என எண்ணி வாங்குதல் வேண்டாம். சேறு அக்கீறல்களை அடைத்துவிடும். எம்., எஸ். என்னும் இரண்டு எழுத்துகள் மட்டும் இருப்பது வேறு. அது சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற கோலம் என்பதன் அடையாளமாகும், பலநில ரயர்கள் பலவற்றில் அவ்வெழுத்துகள் உண்டு, அதனால் அஞ்சவேண்டியதில்லை.

7. காற்றழுத்தம்

நல்ல ரயரை வாங்கிக் காற்றைக் கவனியாதிருத்தல், நல்ல விதையை விதைத்து நீர் பாய்ச்சாதிருத்தல் போன்றதாகும்.

வயல் வேலையின்பொழுது நான்கு சக்கர உழவு இயந்திரத்தின் பின் ரயருக்குப் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 16 இறாத்தல் வரை காற்றுப் போதும். காற்றுக் குறைவாயிருந்தால் ரயர் அகன்று படிந்து, மண் இறுகுவதும் ஆழ்ந்த தடம் விழுவதும் குறையும். மரக்கறிப் பாத்திகளுக்கு இது மிக நன்று. இறுகிய மண்ணில் வேர் இறங்காது, நீரும் வடியாது. ஆனால் அதே காற்றோடு பாரப் பெட்டியை வீதியில் இழுத்துச் செல்லலாகாது. வீதிக்கு ஏறுமுன் இயந்திரத்தின் கைநூலிற் கூறிய அளவுக்குக் காற்றைக் கூட்டுக. பெட்டிக்கும் லொறிக்கும் உரிய அழுத்தம் ரயரிலும் கைநூலிலும் தரப்பட்டுள்ளது. அது ரயருக்கு ரயர் வேறுபடும்.

காற்றை அளத்தல் காலையில், ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்பொழுதே செய்யத்தக்கது. ஓடிச் சூடேறிய ரயரில் அழுத்தம் கூடிக் காட்டும். அதனைக் கண்டு காற்றை இறக்கிவிடுதல் பெரும் பிழை. காலால் உதைத்தும் தடியால் தட்டியும் பார்ப்பது அளவாகாது. காற்றளவு மானி ஒன்றின் விலை, ஒரு ரயரின் விலையோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிது. பலர் சேர்ந்து கமக்காரர் அமைப்பின் மூலம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

உழவின்பொழுது சக்கரம் வழுக்கினால், பின் ரயரின் ரியூப்பில் நீர் நிரப்பிப் பாரம் கூட்டும் வழக்கமும் உண்டு. வால்வு மேலே நிற்கும் நிலையில், அதன் மட்டம் வரையே நீர் நிரப்புக. எஞ்சிய இடம் காற்றுக்குரியது. குளிர்நாடுகளில் நீர் உறையாதிருக்க அதனுடன் உப்புச் சேர்ப்பர். நமக்கு அது தேவையில்லை. அது றிம்மைத் துருப்பிடிக்கச் செய்யும்.

8. பழைய ரயரும் மீள்புதுப்பித்த ரயரும்

மக்கள் ரீபில்ட் என வழங்கும் மீள்புதுப்பித்த ரயர், உடல் நன்றாயிருந்தால் நம்பத்தக்கது, செலவையும் குறைக்கும். ஆயினும் லொறியின் முன் சக்கரங்களுக்கு அதனைப் பூட்டாதிருத்தல் நன்று. முன் ரயர் வெடித்தால் வண்டி ஓட்டுபவரின் கைக்கு அடங்காது. பழைய ரயர் எதையும் வாங்குமுன் பின்வருவனவற்றைப் பார்க்க:

பக்கச்சுவரில் வீக்கம் இருத்தலாகாது. வீக்கம் உள்ளே இழை அறுந்ததைக் காட்டும். அதற்குப் பரிகாரம் இல்லை.
இழை வெளித்தெரியும் வெட்டு இருத்தலாகாது.
விரலால் வளைத்துப் பார்க்கும்பொழுது சிறு வெடிப்புகள் வலைபோலத் தோன்றின், அது முதுமையடைந்த ரயராகும்.
உட்புறத்திற் கறுத்த தூளும் சுருக்கமும் காணப்படின், காற்றின்றி ஓட்டப்பட்ட ரயர் அது. வெளியே எவ்வளவு அழகாயிருப்பினும் விட்டுவிடுக.
சிறு லொறி ரயரின் பள்ளத்தினுள் ஆங்காங்கே சிறு மேடுகள் உண்டு. மேற்பட்டை அம்மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், எஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர் மட்டுமே. அது கழிக்கவேண்டிய ரயர்.

9. ஆயுளை நீட்டும் பழக்கங்கள்

வேலை முடிந்ததும் ரயரிற் செருகிய கல், முள், ஆணி ஆகியவற்றை நீக்குக. இரட்டைச் சக்கரமாயின் இடையில் அகப்பட்ட கல்லையும் நீக்குக. ரயரின் மேற் சிந்திய எண்ணெய், டீசல், பூச்சிமருந்து என்பவற்றைச் சவர்க்கார நீராற் கழுவுக. அவை இறப்பரை ஊறி நெகிழச் செய்யும். வால்வு மூடியைத் தவறாது பூட்டுக. சேறு புகுந்தால் வால்வு காற்றைப் பிடியாது. புதிய ரயருக்குப் பழைய ரியூப்பை இடாதிருத்தல் நன்று; நீண்டு போன ரியூப் உள்ளே மடிந்து வெடிக்கும்.

இரு போகங்களுக்கு இடையே பெட்டி ஓய்ந்து நிற்கும்பொழுது, அதனை நிழலில் நிறுத்தி, அச்சுக்குக் கீழே கட்டை வைத்துச் சக்கரத்தை நிலத்திலிருந்து உயர்த்துக. வெயிலில் ஒரே நிலையில் மாதக்கணக்காக நிற்கும் ரயர், ஓடும் ரயரிலும் விரைவிற் கெடும்.

கழித்த ரயரை வளவில் எறிந்துவிடுதல் தகாது. அதில் தேங்கும் மழைநீரில் டெங்கு நுளம்பு பெருகும். 2007-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றமுமாகும். எரித்தலும் ஆகாது, அதன் புகை நஞ்சு. துளையிட்டு நீர் வடியச் செய்து தோட்டத்தில் மண் அணைக்கப் பயன்படுத்தலாம். அல்லது பழைய ரயர் சேர்ப்போரிடம் கொடுத்துவிடலாம்.

10. முடிவாக

மேற்கூறியவற்றைச் சுருங்கக் கூறின்: பாரத்தை நிறுத்து அறிக. அப்பாரத்துக்கு மேற்பட்ட சுட்டெண் உள்ள ரயரைத் தேடுக. செய்த ஆண்டைப் பார்க்க. உங்கள் வண்டி மிகுதியாக ஓடும் நிலத்துக்கேற்ற கோலத்தைத் தெரிந்தெடுக்க. பின்னர் காற்றை அளந்து வைத்திருக்க. இவ்வைந்தையும் இவ்வொழுங்கிற் செய்த பின்னரே விலையைப் பற்றிப் பேசுதல் தகும்.

நெற்பாரத்தின் மேலும் மரக்கறி மூட்டைகளின் மேலும் வீட்டார் ஏறியிருந்து வருதல் நம் ஊர்களிற் காணப்படும் வழக்கம். எவ்வளவு நல்ல ரயராயினும் அவ்வழக்கத்துக்கு உறுதி அளித்தல் இயலாது. அதனை விட்டொழித்தல் வேண்டும். இறக்கத்திற் பாரத்தோடு செல்லும்பொழுது தாழ்ந்த கியரிலேயே இறங்குக.

எந்த அளவு, எந்தச் சுட்டெண் உங்கள் வாகனத்துக்குப் பொருந்தும் என்பதில் ஐயம் எழுந்தால், வாகனத்தின் கைநூலையும், வழமையாக ஏற்றும் பாரத்தின் நிறையையும் குறித்துக்கொண்டு, உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறிக. அடுத்த பெரும்போகத்துக்கு முன்னரே, பாரம் ஏற்றாத வண்டியின் ரயர்களை ஒருமுறை குனிந்து பார்ப்பது, பாரம் ஏற்றிய வண்டியோடு இரவிலே வீதியோரத்தில் நிற்பதிலும் எளிது.